மூன்று விநாடி அவகாசம்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பூகோளம் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டில், வகுப்பில் ஒரு வினாவை எழுப்பிவிட்டு, வித்தியார்த்திகள் வாய் திறக்குமுன் விடையையும் நானே சொல்லி முடித்து, அதற்குச் சம்பாஷணை என்று பெயரிட்டுத் திருப்தியடைந்து வந்தேன். கரிசல் மண்ணாகிய திருவேங்கடத்தில் நான் படித்த காலத்தில், உபாத்தியாயர் கேட்டதும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ராகம் போட்டு ஒப்பிக்கும். ஆகையால், இங்கே எதிரில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் மௌனம் எனக்கு அவமரியாதையாகவே பட்டது.

அந்த மௌனத்தை 1970-களில் மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார் அளந்தே பார்த்திருக்கிறார். வினாவுக்குப் பின் ஆசிரியர்கள் பொறுத்திருப்பது ஏறக்குறைய ஒரு விநாடிதான். அதை மூன்றாக நீட்டினாலே விடைகள் நீள்கின்றன, சங்கோஜப் பிள்ளைகளும் பேச முற்படுகிறார்கள். ரசிகமணி டி.கே.சி. அளக்காமலே இதை அறிந்திருந்தார் போலும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டுத் தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் அவர் கூட்டிய ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் கூட்டத்தில், கம்பன் பாட்டு ஒன்றை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, பண்டிதரல்லாதாருக்கும் ரசிக்க அவகாசம் தந்தாராம். பிற்காலத்தில் அவர் வசித்த, 1954-இல் மறைந்த குற்றாலத்திலும் அன்பர்கள் தேடிவந்து கூடினர்.

சென்ற பிப்ரவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் பொழியும்போது இரண்டு மணி நேரப் பஸ் தூரத்திலிருக்கும், பருத்தி விளையும் எங்கள் ஊர் மட்டும் வெடித்துக் கிடப்பானேன் என்று கேட்டுவிட்டு, சாக்பீஸைக் கைக்குள் உருட்டியபடி நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஹீட்டரின் உறுமல் மட்டும் கேட்டது. அதற்கும் அப்பால், இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதமே ஆகியிருந்த ஒரு சிறுமி, சொற்களைத் தேடித் தேடி, "மேகம் மலை ஏறும்போதே சுமையை இறக்கிவிட்டது, சார்" என்றாள். 'பேஷ்' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். (உபாத்தியாயரின் 'பேஷ்' ஒரு பூட்டு, அது விழுந்த மாத்திரத்தில் மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.)

"அப்படியானால் சார் ஊரில் பருத்தி எப்படி விளைகிறது?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் அவளையே கேட்டான். ஐப்பசியில் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை என் தொண்டைவரை வந்துவிட்டது. அந்தப் பெண்ணோ எழுந்து சென்று, சுவரில் தொங்கிய தேசப்படத்தில் எங்கள் ஊருக்குக் கிழக்கே விரலை வைத்து, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.