அதட்டும் குரலும் ஓடும் கால்களும்

உடற்பயிற்சி என்றவுடன் நம்மவர் பலர்க்கு நினைவில் எழுவன விசிலும் உரத்த குரலுமே. ஆசான் அதட்டினால்தான் உடல் வளையும் என்னும் நம்பிக்கை பள்ளி நாளிலேயே ஊன்றப்பட்டுவிட்டது. இருபதாண்டுகளாகக் குரலையே கருவியாகக் கொண்டு வகுப்பறையில் வாழ்ந்துவரும் நாம், இந்நம்பிக்கையைச் சற்றே உரசிப் பார்க்க விழைகின்றோம்.

இவ்வதட்டலைப் பேணி வளர்த்த இடம் படைமுகாம். அங்கு அதற்கொரு காரணமும் உண்டு. குண்டு முழங்கும் களத்தில், ஆணையைக் கேட்ட நொடியிலேயே இயங்கும் பழக்கத்தை வீரனுக்கு ஊட்டியாக வேண்டும். ஆயினும் அங்கும் அது எல்லை கடந்ததுண்டு. 1956 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு, அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் முகாமில், மெக்கியான் என்னும் பயிற்றுநர், கட்டுப்பாடு புகட்டுவதாகக் கருதித் தம் அணியினரை ரிப்பன் கிரீக் என்னும் நீரோடைக்குள் இருளில் நடத்திச் சென்றார். அறுவர் மூழ்கி மாண்டனர். அதன்பின்னரே பயிற்றுநர்களைக் கண்காணிக்க அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர்.

படைமுகாமின் வாயிலில் காவல் உண்டு. பயில்வோன் நினைத்தபோது வெளியேற இயலாது. நம் ஊர் உடற்பயிற்சிக் கூடத்தின் வாயிலோ திறந்தே கிடக்கிறது. வசை கேட்டவன் மறுநாள் வாரான், அவ்வளவே. (மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது இதனால்தானோ என்னவோ!)

அதட்டலால் பயனே இல்லையா எனின், சிறிது உண்டு. 1961இல் மிச்சியோ இகாய், ஆர்தர் ஸ்டைன்ஹாஸ் ஆகிய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கைவலிமையை அளக்கும்பொழுது அருகில் துப்பாக்கி வெடித்தாலோ, இழுப்பவர் தாமே உரக்கக் கூவினாலோ, அவ்வேளையில் வலிமை கூடக் கண்டனர். கூவியவர் பயிற்றுநர் அல்லர், பயில்பவரே என்பதைக் கருதுக. மேலும் அது ஒரு நொடியின் வலிமை. உடற்றகுதி என்பதோ வேறு. தசையும் இதயமும் சுமையை ஏற்று, பின் ஓய்ந்து, அவ்வோய்வின்போதே தம்மைச் செப்பனிட்டுக்கொண்டு, திங்கள் பலவாகச் சிறிது சிறிதாக வலுப்பெறுகின்றன. உறக்கத்தில் நடைபெறும் அப்பணியை எந்த அதட்டல் விரைவுபடுத்தும்?

அஞ்சிப் பயில்பவன் முதலில் கற்பது தன் நோவை மறைக்கும் கலையை. தலை சுற்றுகிறது என்றால் ஏச்சு. நெஞ்சு இறுகுகிறது என்றால் நகைப்பு. ஆனால் பழகாத தசையை வரம்பின்றி வருத்தினால் அது சிதைந்து, அதனுள் இருக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் பால் கலவாத கடுந்தேநீர் நிறத்தில் இறங்கும். 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் 13 பேர், விடுமுறைக்குப் பிந்திய கடும்பயிற்சியின் விளைவாக இந்நோயுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் தேர்ந்த விளையாட்டு வீரர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

நம் மாணவன் ஒருவன், சற்றே பருத்த உடலினன், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பயிலச் சென்றான். 1500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடிக் கடக்க வேண்டும் என்பது விதி. தந்தை மீன் சந்தையில் சுமை தூக்குபவர். அவ்வீட்டிற்கு அந்த 7 நிமிடங்கள் எத்துணைப் பெறுமானம் உடையவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நாளே நின்றுவிட்டான். காரணம் கேட்டோம்.

“கால் வலிச்சா தாங்கிக்குவேன் சார். எல்லாருக்கும் முன்னாடி ‘டேய் குண்டா’ன்னுதான் கூப்பிடுறார். கிரவுண்டுக்குப் போகணும்னு நெனச்சாலே வயித்தைப் பிசையுது.”

வள்ளுவப் பெருந்தகை ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில் வேந்தனின் கடுஞ்சொல்லை அரத்திற்கு ஒப்பிடுகிறார். அவ்வரம் தேய்ப்பது அவ்வேந்தனின் வலிமையையே. அன்று நமக்குத் தோன்றியது, அதனைக் கேட்பவனும் உடன் தேய்கிறானே என்பதுதான்.

நம் தெருவில் வாழும், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் அவனை அனுப்பினோம். பெரியவர் விசில்கூட வைத்துக்கொள்வதில்லை. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுவார். ஒரு மின்கம்பம் முதல் அடுத்தது வரை ஓட்டம். அதற்கடுத்தது வரை நடை. ஓடும்போதே அவருடன் பேசவும் வேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் மிகுதி என்று பொருள். வாரத்தில் ஒருநாள் மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு நேரம் குறிப்பார். ஆள் மிகவும் கண்டிப்பானவர். 5 நிமிடம் பிந்தினால் அன்று பயிற்சி இல்லை, வீடு திரும்ப வேண்டியதுதான். கண்டிப்பும் கூச்சலும் ஒன்றெனக் கருதுவோர் அவரை ஒருநாள் காண வேண்டும். அவனை அவர் அழைப்பது “வாங்க தம்பி” என்றே.

முதல் வாரத்தில் 11 நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டவன், ஆறு திங்களில் 7 நிமிடம் 20 விநாடிக்கு வந்துள்ளான். இன்னும் 20 விநாடி குறைய வேண்டும். அடுத்த தேர்வு அறிவிப்பு வருமுன் குறையுமா எனக் கவலையோடு வினவினோம். பெரியவர் நம் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, “நீங்களும் நாளைக்கு வாங்க சார், மின்கம்பம் நெறையவே இருக்கு” என்றார்.