ஸ்டார்ட் ஆனால் போதுமா?

சென்னை அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் உறை போட்டு நிற்கும் கார்கள் பலவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். பிள்ளை சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறான், கார் இங்கே பெற்றோரிடம் இருக்கிறது. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி தவிர அதை வெளியே எடுப்பதில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வாட்ச்மேனோ தெரிந்த டிரைவரோ வாரம் ஒருமுறை வந்து, பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போகிறார். செல்ஃப் எடுத்தது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து வண்டிகள் வாரக்கணக்கில் முடங்கியபோது இந்தப் பத்து நிமிஷ வைத்தியம் வீட்டுக்கு வீடு பரவியது. அது பேட்டரியைக் காப்பதில்லை, அரைவயிற்றுக் கஞ்சி ஊற்றி நாளைக் கடத்துகிறது என்பதுதான் என் வாதம். பேட்டரி கெடுவதற்குப் பெரிய காரணம் நிறையாமலே கிடப்பது. செல்ஃப் எடுக்கிறதா என்ற சோதனை அந்தக் குறையைக் கடைசி நாள்வரை காட்டிக்கொடுக்காது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாக அணைவதில்லை. கடிகாரம், திருட்டு அலாரம், சென்ட்ரல் லாக், இசியூவின் நினைவகம், சாவி பக்கத்தில் வருகிறதா என்று காத்திருக்கும் ரிசீவர் என்று எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சதா இழுத்துக்கொண்டே இருக்கும். 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, வாரத்துக்கு 5. நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி. வாரத்துக்கு ஏழில் ஒரு பங்கு இப்படியே கசிந்துவிடுகிறது. டேஷ்கேமும் ஜிபிஎஸ் டிராக்கரும் மாட்டியிருந்தால் இன்னும் அதிகம். சும்மா கிடக்கும் பேட்டரி தனக்குள்ளேயே கொஞ்சம் இழப்பதும் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால், சித்திரை வெயில் காயும் ஊரில் அதையும் ஒதுக்கிவிட முடியாது.

இனி வரவு. ஸ்டார்ட் செய்வதற்குத்தான் பெரும்பகுதி செலவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 150 ஆம்பியர் இழுத்தாலும் அது இரண்டு விநாடிதான், 0.1 ஆம்பியர்-மணிகூட ஆகாது. சிக்கல் மற்றப் பக்கத்தில் இருக்கிறது. நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குள் சராசரியாக 10 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைப்போம். பத்து நிமிஷத்தில் அது 1.7 ஆம்பியர்-மணி. போனது 5, வந்தது 1.7. ‘சும்மாதானே ஓடுகிறது’ என்று ஏசியையும் விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் அதுவும் குறையும். பேட்டரி இறங்க இறங்க அது வாங்கிக்கொள்ளும் மின்சாரம் கூடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால் ஏதோ ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகிவிடலாம். பல மாதம் வரை செல்ஃப் எடுத்துக்கொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் அந்தச் சமநிலை நிறைவுக்கு வெகு கீழே அமைகிறது, பேட்டரி அங்கேயே குடியிருக்கத் தொடங்குகிறது.

அங்கே குடியிருந்தால் என்ன ஆகும்? கஸ்தோன் பிளாந்தே 1859இல் முதல் ஈய-அமில பேட்டரியைச் செய்ததிலிருந்து அதன் அடிப்படை வேதியியல் மாறவில்லை. மின்சாரம் வெளியேறும்போது தட்டுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது, சார்ஜ் ஏறும்போது கரைந்து போகிறது. புதிதாகப் படிந்தது பொடிப்பொடியாக இருப்பதால் சுலபமாகக் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகங்கள் பெருத்து, ஜாடியில் ஈரம் பட்டு இறுகிய கல்லுப்பு மாதிரி கட்டிப் போகும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரைவதில்லை, கட்டிபட்ட அளவுக்குக் கொள்ளளவு குறைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் டியூபுலர் பேட்டரி, ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே தடித்த தட்டுகளோடு செய்யப்படுகிறது. கார் பேட்டரியின் வேலை வேறு. ஓரிரு விநாடிகளில் பெரும் மின்சாரத்தைக் கொட்ட வேண்டும் என்பதால் அதில் மெல்லிய தட்டுகள் பலவற்றை அடுக்கியிருப்பார்கள். இறங்கிக் கிடப்பதை அது தாங்காது.

இதற்கு வழக்கமான மறுப்பு ஒன்று உண்டு: ஆல்டர்னேட்டர் 70, 80 ஆம்பியர் தரக்கூடியது, பத்து நிமிஷத்தில் 12 ஆம்பியர்-மணி ஏறிவிடாதா? ஆல்டர்னேட்டரின் மேல் எழுதியிருப்பது, இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது அது தரக்கூடிய உச்சம். எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்வது பேட்டரிதான். 14 வோல்ட் சுமாருக்கு மின்னழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், நிறைய நிறைய அது வாங்குவது குறைந்துகொண்டே வரும். கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும், அதை எந்த அவசரத்தாலும் சுருக்க முடியாது. போதாக்குறைக்கு, மைலேஜுக்காகச் சில புதிய கார்களில் பேட்டரியை வேண்டுமென்றே நிறைய விடாமல், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்துக்கு இடம் ஒதுக்கி வைக்கிறார்கள். தினமும் ஓடும் வண்டிக்கு அது நல்ல ஏற்பாடு. நிற்கிற வண்டிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

‘எங்கள் வீட்டில் நாலு வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பது இன்னொரு பதில். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பழைய கார்களில் கசிவு குறைவு, பெரிய பேட்டரிக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி அதிகம். ஆனால் பேட்டரியின் நிலையை அறிய செல்ஃபைவிட நல்ல சாட்சி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர். வண்டியை அணைத்து ஓர் இரவு கழித்து, பானெட்டைத் திறந்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. இன்ஜினை நிறுத்தியவுடன் பார்த்தால் 13க்குப் பக்கத்தில் காட்டும், அதை நம்பக் கூடாது. பத்து நிமிஷ ஓட்டத்தில் வாழும் பேட்டரி 12.3ஐக் காட்டிக்கொண்டே காலையில் கச்சிதமாக ஸ்டார்ட் ஆகும். குறை ஏற்கெனவே உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த வழக்கத்தில் கெடுவது பேட்டரி மட்டுமில்லை. ஆயில் சூடேறும் முன்பே அணைத்துவிட்டால் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து நிற்கும், சைலன்சருக்குள் தண்ணீர் தங்கும். பிஎஸ்-6 டீசல் வண்டியானால் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், நெடுஞ்சாலைச் சூடு கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். காற்றோட்டமில்லாத கீழ்த்தளத்தில் இன்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன? வாரம் ஒருமுறை முக்கால் மணி, ஒரு மணி நேரம் புறவழிச்சாலையில் ஓட்டிவர ஆள் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் தானாக அளந்து, நிறைந்ததும் 13.5 வோல்ட் வாக்கில் தாழ்ந்து நிற்கும் ஆட்டோமேட்டிக் சார்ஜர் வேண்டும். நிறுத்தத் தெரியாமல் ஒரே அளவில் ஏற்றிக்கொண்டே இருக்கும் பழைய சார்ஜரை நாள்கணக்கில் மாட்டிவைத்தால் பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும். ப்ளக் பாயிண்டே இல்லாத இடத்தில், நீண்ட நாள் நிற்கப்போகும் வண்டிக்கு, பேட்டரியை நிறைத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றி வைப்பது செலவில்லாத வழி. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். வரிசை மாறி, பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், பேட்டரி விடும் ஹைட்ரஜன் பக்கத்திலேயே இருக்கும். வயரைக் கழற்றினால் எலக்ட்ரானிக்ஸ் கெட்டுவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான கார்களில் கடிகாரமும் ரேடியோ சேனல்களும் போகும், ஜன்னல்களின் ஆட்டோ வசதியைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரிமோட் வேலை செய்யாது என்பதால் சாவியால் பூட்டிப் பழகியிருக்க வேண்டும். டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால் ஸ்பேனரை அதற்குள் வைத்துப் பூட்டக் கூடாது.

நாலைந்தாயிரம் ரூபாய் பேட்டரிக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். பணம் மட்டுமே விஷயமென்றால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் தூக்கிப்போடும் ஒவ்வொரு பேட்டரியிலும் கிலோக்கணக்கில் ஈயம் இருக்கிறது. அதை முறையில்லாமல் உருக்கும் பட்டறைகளைச் சுற்றி வாழும் குழந்தைகளின் ரத்தத்தில்தான் அது போய்ச் சேர்கிறது. அதோடு, இந்தக் கார் வயதானவர்கள் வீட்டில் நிற்பதே என்றோ ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவசரமாக எடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காகத்தான். அன்றைக்கு அது அசையாமல் நின்றால், அதுவரை கட்டிய இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் பொருளில்லை. மின்சாரக் கார்களுக்காக அடுக்ககச் சங்கங்கள் கீழ்த்தளத்துக்கு வயர் இழுக்கத் தொடங்கியிருக்கும் இந்தச் சமயத்தில், சாதாரண ப்ளக் பாயிண்ட் நாலைந்தையும் சேர்த்துக் கேட்பதுதான் சரி. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கூட்டத்தில் நிச்சயம் கேள்வி வரும். நிறைந்த பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர், இழப்பையும் சேர்த்து 20 வாட் எடுக்கிறது என்று வைத்தால்கூட, ஓர் இரவு பத்து மணி நேரத்துக்கு ஆவது கால் யூனிட்டுக்கும் குறைவு.