சிட்டையில் இல்லாத சாமான்

தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் எப்போது முளைத்தது என்று கேட்டால், கடைக்காரர் வரி வந்த நாளைச் சொல்வார். பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. 25 கிலோ வரைக்கும்தான் வரி, அதற்கு மேல் போனால் இல்லை. ஆலைக்காரர்கள் ரொம்ப யோசிக்கவில்லை. ஒரு கிலோ கூடுதலாகப் போட்டு மூட்டையைத் தைத்துவிட்டார்கள். சிப்பம் 1,500 ரூபாய் என்றால் அதில் 75 ரூபாய் மிச்சம். வரிச் செய்தி எதையும் வாசிக்காதவர்கள்கூட “இருபத்தாறு கிலோதானே?” என்று கேட்டு வாங்கப் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் சிப்பமாக வாங்கக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். அது இல்லாதவர் 5 கிலோ பையை வாங்கி, வரியையும் சேர்த்துக் கட்டுகிறார். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் அரிசிக்கு வரி கிடையாது என்பது ஓர் ஆறுதல். சிக்கனமாக இருக்கவும் கொஞ்சம் முதல் வேண்டும் என்ற இந்தச் சங்கடத்தைச் சேமிப்புக்கு வழி சொல்பவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

அந்த முதல் இல்லாத வீடுகளைத் தாங்கிப் பிடிப்பது ரேஷன் கடைதான். 2011 ஜூன் முதல் அங்கே அரிசிக்கு விலை இல்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வெளிக்கடையில் துவரம்பருப்பு 150 ரூபாயைத் தாண்டிய 2023-ல், கார்டுக்குக் கிடைத்த அந்த ஒரு கிலோ மட்டுமே 120 ரூபாயை மிச்சப்படுத்தியது. ரேஷன் புழுங்கலரிசியை இட்லி மாவுக்கு ஊறவைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் பொன்னி வாங்கும் வீடுகள் ஏராளம். அதை யாரும் பெரிய திட்டமென்று சொல்லிக்கொள்வதில்லை.

சரி, இப்படியெல்லாம் மிச்சமாகும் பணம் எங்கே போகிறது? மத்திய அரசின் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் இதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. 1999-2000-ல் கிராமத்துக் குடும்பம் தன் செலவில் 100-க்கு 59 ரூபாயைச் சாப்பாட்டுக்குக் கொடுத்தது. 2023-24-ல் அது 47 ஆகிவிட்டது. நகரத்தில் 48-லிருந்து 40-க்கு வந்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டுக் கணக்குக்குள் நுழைந்து பார்த்தால்தான் கதை மாறுகிறது. இன்றைய நகரத்துக் குடும்பம் மொத்தச் செலவில் தானியங்களுக்குக் கொடுப்பது 100-க்கு 4 ரூபாய்கூட இல்லை. பானங்கள், நொறுக்குத்தீனி, பாக்கெட் உணவு, வெளிச்சாப்பாடு ஆகியவை அடங்கிய இனத்துக்கு 11 ரூபாய் போகிறது. உணவுக் கணக்கிலேயே பெரிய தொகை அதுதான். அரிசியில் மிச்சம் பிடித்த 75 ரூபாய் சிப்ஸாக மாறி வீட்டுக்குள் வருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

பழைய மளிகைக் கடையில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. அண்ணாச்சி உள்ளே நிற்பார், வாடிக்கையாளர் வெளியே. நடுவில் மேசை, மேலே தராசு. கையில் சிட்டை. அந்தச் சிட்டை கடையில் எழுதியதல்ல, அடுக்களையில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து எழுதியது. கடுகு இருக்கிறது, உளுந்து அடியில் கிடக்கிறது, மிளகு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவெல்லாம் கடைக்கு வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. சிட்டையில் இல்லாத சாமான் பைக்குள் ஏற வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். அந்தச் சின்னக் கூச்சமே பலரைக் காப்பாற்றியது.

1996-ல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு கடை திறந்து, தாங்களே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் பரவியது. கேட்க வேண்டியதில்லை, யாரும் பார்ப்பதுமில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அட்டை எதிரே தொங்குகிறது. அந்த ஒன்றே தேவையா என்று கேட்க அங்கே யாருமில்லை.

அடுத்த குழப்பம் அளவு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். கடைகளில் ஒரே உயரத்தில் நிற்கும் பாக்கெட்டுகளில் ஒன்று 910 கிராம், இன்னொன்று 850, வேறொன்று 800. எண்ணெய் போன்ற பொருட்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது, 2022-ல் அது விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல விதிதான், எழுத்துதான் எறும்பு அளவு. 850 கிராம் 150 ரூபாய், 910 கிராம் 158 ரூபாய் என்று இரண்டு பாக்கெட் இருந்தால் கை முதலாவதற்குத்தான் போகும். கிராம் கணக்கில் இரண்டாவதுதான் மலிவு. பெரிய பாக்கெட் எல்லாமே லாபம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. ஷாம்பு வாங்குகிறவர்களுக்குத் தெரியும், பாட்டிலைவிடச் சின்னச் சாஷே பல நேரம் மலிவாக விழும். ஒவ்வொரு தடவையும் வகுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விலையைப் பார்த்து வாங்குவதைவிடப் பருவத்தைப் பார்த்து வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை நீக்கி, கல்லுப்பு தூவி, வெயிலில் காயவைத்துப் பானையில் அடைத்தால் வருடம் முழுக்கக் கவலையில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய் சந்தைக்கு வருவதும் ஏறத்தாழ அதே சமயம். தை, மாசியில் புதுத் துவரம்பருப்பு. சித்திரை வெயில் இருக்கும்போதே வற்றலும் வடகமும். பிளாட் வீட்டில் மொட்டைமாடிக்குச் சாவி வாங்கவே சங்கச் செயலாளரைத் தேட வேண்டியிருக்கிறது, ஆகவே பாதிப் பேர் இதை விட்டுவிட்டார்கள்.

காலண்டரில் வேறு கணக்குகளும் உண்டு. புரட்டாசியில் பாதித் தமிழ்நாடு அசைவத்தை விட்டுவிடும். நாமக்கல்லில் முட்டை தேங்கி விலை இறங்கும், காய்கறி ஏறும். விரதம் இல்லாத வீட்டுக்கு அது முட்டை வாங்கும் மாதம். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் வாழைக்காய், கத்திரிக்காய் பக்கம் போகாமல் இருப்பது நல்லது, கல்யாண மண்டபங்களோடு போட்டி போட முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர் அதற்கான விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். கருவாடோ குளத்து மீனோ போதும் என்பவர் தப்பிக்கிறார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது, வரிசை நின்றது. தக்காளியே போடாத மோர்க்குழம்பும் வத்தக்குழம்பும் எத்தனையோ வீடுகளில் அன்றைக்கு மறுபடி அடுப்பேறின. கிலோவுக்கு 40 ரூபாய் லாபம் பார்க்க வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவரைவிட, தக்காளி இல்லாமல் சமைத்தவருக்கே மிச்சம் அதிகம்.

காய்கறிக்கு உழவர் சந்தை இன்றும் கைகொடுக்கிறது. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் சந்தை திறந்தது. விவசாயிக்கு அடையாள அட்டை, இலவசத் தராசு, வாசலில் அன்றைய விலைப் பலகை. விலை, மொத்தக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவில் நிற்கும். பலகையில் எழுதியிருப்பதால் பேரம் பேசும் வேலையும் மிச்சம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக விழும். பெரிய கடையில் அதே கறிவேப்பிலை பிளாஸ்டிக் உறைக்குள் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கிறது. ஒரே குறை, காலையில் எழுந்து போக வேண்டும். ஆட்டோவில் போனால் கணக்கு உதைக்கும்.

வாங்கியதைத் தூக்கி எறிவது தனிச் செலவு. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கி, முள்ளங்கிக் கீரையைப் பொரியலாக்கி, புளித்த மாவை ஊத்தப்பமும் குழிப்பணியாரமுமாக முடித்துவைத்த அடுக்களைகளில் குப்பைக்கூடைக்கு அதிகம் மிஞ்சவில்லை. ஃபிரிட்ஜ் வந்தபின் மிச்சமானதை மறப்பது எளிதாகிவிட்டது. மூடி போட்ட டப்பாவில் மூன்று நாள் பத்திரமாக இருந்துவிட்டு, நான்காம் நாள் அது குப்பைக்குப் போகிறது.

இப்போது பத்தே நிமிடத்தில் வாசலுக்கு வந்து நிற்கும் செயலிகள். இன்னும் 40 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று திரை சொல்லும். 30 ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்க்க 60 ரூபாய்ச் சாமான் கூடையில் ஏறும். அண்ணாச்சிகளும் சும்மா இல்லை. சிட்டையைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் கடைப்பையன் வண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறான். சில சாமான் ஒன்றிரண்டு ரூபாய் கூடத்தான் இருக்கும். கடன் நோட்டு வைத்திருக்கிறவர் அதற்கான வட்டியை விலையில்தான் ஏற்ற முடியும். ரொக்கம் கொடுப்பவர் கேட்டால் பல கடைகளில் குறைத்துக்கொள்கிறார்கள். கூடவே எந்தச் செயலியும் கேட்காத ஒரு கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரும்: “போன மாசம் வாங்குன ரெண்டு கிலோ ரவை தீந்துருச்சாக்கா?” அக்கா போய் டப்பாவைத் திறந்து பார்ப்பார். ரவையை அடித்துவிட்டு, வெல்லம் அரைக் கிலோ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்.