மார்கழிக் காலையில் நார்த்தாமலை... துணைக்கு 'மணி'!

வைகுண்ட ஏகாதசி நெருங்கிவிட்டால் ஸ்ரீரங்கத்து வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. எங்கு பார்த்தாலும் வெளியூர் வேன்கள், கோலங்கள், துளசி மாலைக் கடைகள். அந்தப் பரபரப்புக்கு நடுவே உத்தர வீதி வீடு ஒன்றின் வாசலில், காலை 5 மணிக்கே கார் கதவை முகர்ந்துகொண்டு நிற்கிறது மணி. பத்து வயதைத் தாண்டிய நாட்டு நாய். வருடா வருடம் மார்கழியில் ஒரு ஞாயிறு, அதற்கும் தாத்தாவுக்கும் மலையேற்றம் உண்டு. இந்த முறை கல்லூரியில் படிக்கும் பேத்தியும் சேர்ந்துகொண்டாள்.

திருச்சிக்காரர்களுக்கு மலை என்றாலே மலைக்கோட்டைதான். ஆனால், தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிப்பிள்ளையார் வரை வழியெல்லாம் கோயில். நாயோடு ஏற முடியாது. அதனால்தான் இவர்கள் வண்டி காவிரிப் பாலம், ஏர்போர்ட், கீரனூர் என்று புதுக்கோட்டை சாலையில் ஓடுகிறது. சுமார் 35 கி.மீ. தாண்டி, ஊருக்குள் திரும்பினால் நார்த்தாமலை.

மலை என்றதும் கொடைக்கானலைக் கற்பனை செய்ய வேண்டாம். மொட்டைப் பாறைகள்தான். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டுகள் என்பது ஊர்க்கதை. நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆனது என்கிறார்கள். மேலமலையில் ஏறும் வழியில் ஒரு சுனை இருக்கிறது. அதன் தண்ணீருக்குள்ளே குடைவரையில் ஒரு சிவலிங்கம் மூழ்கியிருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம்!

"தாத்தா, மெதுவா..." என்கிறாள் பேத்தி. உண்மையில் மெதுவாகப் போவது மணிதான். பத்தடி ஏறி, நின்று, திரும்பிப் பார்க்கிறது. அது நிற்கும்போதெல்லாம் தாத்தாவும் நிற்கிறார். முழங்கால் வலி அவருக்கு, பழி நாய்க்கு.

நாயோடு போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் பாறை தோசைக்கல்தான். புறங்கையைப் பாறையில் வைத்துப் பாருங்கள். சில நொடிகள் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. தண்ணீரும் ஒரு கிண்ணமும் கட்டாயம். ஆடு மேய்ப்பவர்கள் வருவார்கள், கயிற்றை விட்டுவிட வேண்டாம்.

ஏறி முடித்தால் விஜயாலய சோழீச்சரம். 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். பெயரில்தான் சோழர். சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் கட்டியதாகவும், மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகவும் கல்வெட்டு சொல்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் குட்டிக் குட்டிச் சந்நிதிகள். எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்று சிவனுக்கு. மற்றொன்று சமணர் குடகு; பெயரில் சமணர் இருந்தாலும் உள்ளே இருப்பது பெருமாள். ஒருவர் இருவர் அல்ல, ஆள் உயரத்தில் 12 பேர், வரிசையாக நின்ற கோலத்தில்!

தினமும் பள்ளிகொண்ட ரங்கநாதரைச் சேவிக்கிற தாத்தா, இந்தப் பன்னிரண்டு பேரையும் இதுவரை பார்த்ததில்லை. கோயில் பக்கம் மணியைக் கொண்டுபோகக் கூடாது என்பது அவராகவே வைத்துக்கொண்ட விதி. கட்டிப்போட்டுவிட்டுப் போனால் அது ஊளையிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் தள்ளியிருக்கும் பாறை நிழலில் அதோடு உட்கார்ந்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். 'நாயை விட்டுவிட்டு வா' என்றதற்குச் சொர்க்கமே வேண்டாம் என்று நின்ற தருமர் கதையைச் சொல்லி வீட்டில் கிண்டல் செய்வார்கள். நாய்களும் சளைத்தவையல்ல. 2019-ல் திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்த 13 ஐயப்ப பக்தர்களோடு ஒரு தெருநாய் 480 கி.மீ. கூடவே வந்ததாகச் செய்தி வந்தது.

"இன்னைக்கு நான் இவனைப் பார்த்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க தாத்தா" என்று கயிற்றை வாங்கிக்கொள்கிறாள் பேத்தி. முதலில் தயங்குகிறார். அடுத்த வருடம் மணி ஏறுமா, தான் ஏறுவோமா என்ற கணக்கை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்.

மணி இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறது. பிறகு முன்னங்கால்கள் மேல் தலையை வைத்து, குடைவரை வாசலையே பார்த்தபடி படுத்துக்கொள்கிறது. கால் மணி நேரம் கழித்து வெளியே வருகிறார் தாத்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பன்னிரண்டும் சரியா இருக்கு, எண்ணிட்டேன்" என்கிறார். "சீக்கிரம் வா, பாறை சுட ஆரம்பிச்சிடும். இவன் கால் தாங்காது."