கண்டி பஸ்ஸில் மெதுவாய், சென்னை பஸ்ஸில் சத்தமாய்

இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா வரும் யூடியூபர்களில் பாதிப் பேர் கட்டாயம் இந்த வீடியோவைப் போடுவாங்க. "மக்களே, இங்க பாருங்க, கால எடுத்து வெச்சதும் பஸ்ஸே நிக்குது!" மஞ்சள் கடவையில் போவாங்க, வருவாங்க, கெமராவோட திரும்பவும் போவாங்க. கீழே கொமன்ட்டில் எங்க ஆட்கள் கொடியெல்லாம் போட்டு நன்றி சொல்லியிருப்பாங்க. எனக்கும் அதைப் பார்த்தா கொஞ்சம் பெருமை வரத்தான் செய்யும். பொய் இல்லை தானே. பிலிமத்தலாவை டவுனை ரெண்டாப் பிளந்துகொண்டு போவது கொழும்பு–கண்டி ஏ1 வீதி. காலையில் ஸ்கூல் பிள்ளைகள் கடவையில் கால் வைத்தால் கொழும்பு பஸ், லொறி, கன்டெய்னர் எல்லாம் நிற்கும்.

ஆனா அதே பஸ் கடவையைத் தாண்டியதும் முன்னால் போற பஸ்ஸை முந்துவதற்காக எதிர்ப்பக்கம் ஏறி, ஹோனிலிருந்து கையை எடுக்காமல் பேராதனை வரைக்கும் பறக்கும். எங்க ஊர் மரியாதைக்கு ரோட்டில் கோடு போட்டிருக்கணும். கோடு இல்லாத இடத்தில் என்ன செய்யிறதுன்னு எங்களுக்கும் தெரியாது.

போன வருஷம் மூணு கிழமை தமிழ்நாட்டில் இருந்தேன். திருச்சி, கோத்தகிரி, கடைசியாக சென்னை. தி. நகர் உஸ்மான் ரோட்டில் கடக்கிறதுக்காக நான் கோட்டுக்கு முன்னால் பழக்கதோஷத்தில் நிற்கிறேன். ஒரு வண்டியும் நிற்கிற மாதிரி இல்லை. பூக்கூடையோட வந்த ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நின்னா நின்னுட்டே இருக்க வேண்டியதுதான்மா, வா" என்று இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு கையை மட்டும் பஸ்ஸுக்கு நேரே நீட்டிக்கொண்டார், நிறுத்தச் சொல்ற மாதிரியும் இல்லாம, ஆசீர்வாதம் பண்ற மாதிரியும் இல்லாம. மறுபக்கம் சேர்த்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கண்டியில் எனக்காக எத்தனையோ வாகனங்கள் நின்றிருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டதாக ஞாபகமில்லை.

குப்பையைப் பற்றியும் எல்லாரும் எழுதுவாங்க, அதனால் ஒரே வரியில் முடிக்கிறேன்: கண்டி வாவிக்கரை சுத்தம்தான், ஆனா அந்தக் குப்பை எல்லாம் மகாவலிக் கரையில் கொஹாகொடையில் மலையா கிடக்கு.

எனக்கு முக்கியமாகத் தெரிந்தது பஸ்தான். கடந்த ஏழு வருஷமா என் வாழ்க்கையில் தினமும் ரெண்டு மணித்தியாலம் பஸ்ஸில்தான் போகுது.

கண்டி பஸ்ஸில் ஒரு பழக்கம் இருக்கு. நிற்கிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்கவும் தேவையில்லை, நன்றி சொல்லவும் தேவையில்லை. கையை நீட்டுவாங்க, பையைக் கொடுப்போம். யார், என்ன மொழி, என்ன மதம் என்ற கதையே கிடையாது. ஒரு சிங்கள ஆச்சியின் மடியில் என் பை, அதற்கு மேலே ஒரு முஸ்லிம் பிள்ளையின் பை, அதற்கும் மேலே யாரோ ஒருவருடைய பாண் பார்சல். இறங்கும்போது சரியான பை சரியான ஆளிடம் போய்விடும். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது முதலாவது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அது நின்றுபோனது. குண்டுகளைத் தோள்பையில் கொண்டுபோனதாக எல்லாரும் டிவியில் பார்த்திருந்தோம். பிள்ளைகளுக்கு உள்ளே தெரியிற பிளாஸ்டிக் ஸ்கூல் பை வாங்கச் சொன்னாங்க. நான் வந்த பஸ்களில் கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் கையை நீட்டவில்லை. எங்கள் பைகளை நாங்களே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றோம். பர்தா போட்ட அக்கா ஒருத்தங்க பக்கத்தில் சீட் காலியா இருந்தும் ஆட்கள் நின்றுகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் கூடாத வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அமைதியாக நின்றாங்க, அவ்வளவுதான். பிறகு மாதங்கள் போகப் போக, ஒவ்வொரு கையாகத் திரும்ப நீள ஆரம்பித்தது.

சென்னை பஸ்ஸில் வேறொரு விதமான கை. அங்கே கண்டக்டர் அநேகமாகத் தன் சீட்டை விட்டு எழும்ப மாட்டார். முன்னால் நிற்கிறவங்க காசைக் கொடுத்து, "ஒரு வேளச்சேரி, பாஸ் பண்ணுங்க" என்பாங்க. அந்தக் காசு பத்துப் பேர் கை மாறிப் பின்னால் போகும். அதே பத்துக் கை வழியாக டிக்கட்டும் மீதிச் சில்லறையும் வரும். நடுவில் ஒரு ரூபாயும் காணாமல் போகாது. ஒருத்தர் போன் பேசிக்கொண்டே பாஸ் பண்ணுவார், ஒருத்தர் திட்டிக்கொண்டே பண்ணுவார். "சில்லறை இல்லாம ஏன்பா வர்றீங்க" என்று கண்டக்டர் கத்துவார், அதற்கு ஒருத்தி பதிலுக்குக் கத்துவாள், நாலு பேர் சிரிப்பாங்க. முதல் நாள் எனக்கு இது சண்டை மாதிரி இருந்தது. மூணாம் நாள்தான் விளங்கியது, அது சண்டை இல்லை, அப்படித்தான் பேச்சே.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கட் இலவசம். நானும் ஏறினேன். என்னைக் கண்டக்டர் ஒரு பார்வைகூடச் சரியாகப் பார்க்கவில்லை, டிக்கட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். அடையாள அட்டை கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு எங்க தாத்தா பாட்டிமாரை நாடில்லாதவர்களாக்கிய ஒரு நாட்டிலிருந்து போன எனக்கு, அந்தத் துண்டுக் கடதாசியை உடனே எறிய மனம் வரவில்லை. (அதே தமிழ்நாட்டில் 1983க்குப் பிறகு போன எங்க நாட்டு ஆட்கள் இன்னமும் முகாம்களில் குடியுரிமை இல்லாமல் இருக்கிறதும் எனக்குத் தெரியும். பஸ் வேற, அரசாங்கம் வேற.)

அந்த பஸ்ஸில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன், பேசினேன், வைத்தேன். பக்கத்திலிருந்த பிள்ளை சிரித்துக்கொண்டே, "ஏங்க்கா இவ்ளோ ரகசியமா பேசறீங்க?" என்று கேட்டது. நான் ரகசியமாப் பேசவில்லை, எப்போதும் பேசுற மாதிரித்தான் பேசினேன். கண்டி பஸ்ஸில் பேசுற மாதிரி.

எங்க வீட்டில் இது ஒரு சட்டம். பஸ்ஸில் தமிழ் பேசணும்னா மெதுவா பேசு. அம்மா எனக்குச் சொன்னது, அம்மாவுக்கு அவங்க அம்மா 83க்குப் பிறகு சொன்னது. ஏன் என்று யாரும் விளக்கம் சொன்னதில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. ஏறியதும் "பேராதெனியட்ட எகக்", இறங்கும்போது "பஹினவா", நடுவில் யாராவது பேசினால் "அய்யே", "நங்கி". என் சிங்களம் நல்ல சிங்களம். பக்கத்தில் இருப்பவர் என்னைச் சிங்களப் பிள்ளை என்று நினைத்துப் பேசிக்கொண்டு வருவார். போனில் "ஆ... சொல்லுங்கம்மா" என்றதும் ஒரு சின்ன நிறுத்தம் வரும். கோபமில்லை, வெறுப்புமில்லை, ஒரு சின்ன நிறுத்தம். அதற்குப் பிறகும் நல்லாத்தான் பேசுவார். ஆனா அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாங்க எல்லாரும் குரலைக் குறைத்து வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் யூடியூபர் அதைப் பார்த்துவிட்டு, "இங்க பஸ்ல எவ்ளோ டீசன்ட்டா, அமைதியா வர்றாங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அமைதியில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு பயம் என்று கெமராவுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னா, ஏழு வருஷமாப் போய் வாற எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

1987இலிருந்து அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. பஸ்ஸுக்குள்ளே மதகுருமாருக்கு ஒரு சீட், கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு சீட் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். ஒரு பஸ்ஸில் 'தாய்மார்' என்பது 'நாய்மார்' ஆன படம் முகநூலில் சுற்றியதை நீங்களும் பார்த்திருப்பீங்க. மரியாதை கொடுக்கச் சொல்ற பலகையிலேயே இப்படி. எழுதினவர் வேணும்னு எழுதியிருக்க மாட்டார். ஒட்டுவதற்கு முன்னால் தமிழ் தெரிந்த ஒரு ஆளிடம் காட்டணும் என்று யாருக்கும் தோணவில்லை என்பதுதான் விஷயம்.

அமைதிக்கு இன்னொரு விலையும் இருக்கு, அதைக் கொடுப்பது பெண்கள். ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் கோச்சியிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூறு. இந்த 90 பேருக்கு நடந்தபோதும் பஸ் அமைதியாகத்தான் போயிருக்கும். எனக்கு நடந்தபோதும் பஸ் அமைதியாகத்தான் போனது. தமிழ்நாட்டில் இது நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது, அங்கேயும் நடக்குது. ஆனா திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போற பஸ்ஸில் ஒரு அக்கா திரும்பி நின்று, "தள்ளி நில்லுய்யா, வீட்ல அக்கா தங்கச்சி இல்ல?" என்று போட்ட சத்தத்தில் டிரைவரே பிரேக் போட்டார். முன்னால் இருந்த கிழவி ஒருத்தி விஷயம் என்னவென்று கேட்காமலே திட்ட ஆரம்பித்துவிட்டார். அவன் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டான். அந்த அக்காவின் இடத்தில் நான் கண்டியில் நின்றிருந்தால் முதலில் யோசித்திருப்பது, எந்த மொழியில் கத்துறது என்றுதான்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனா தமிழ்நாடு சொர்க்கம் மாதிரி வந்துரும். திருச்சியிலிருந்து போன ரயிலில் எதிரே ஒரு அம்மா. புளிச்சோறு கொடுத்தாங்க, தண்ணி கொடுத்தாங்க, "சாப்பிடு கண்ணு" என்று சொன்னாங்க. "எந்த ஊரு?" சிலோன். "யாழ்ப்பாணமா?" இல்லை, கண்டி. "அப்ப எஸ்டேட்டா? பூர்வீகம் இங்க எந்தப் பக்கம்?" எனக்கு முழுசாத் தெரியாது. "சரி, நீங்க என்ன ஆளுங்க?" நான் பதில் சொல்வதற்குள் கூட வந்த மாமி ஜன்னலைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டார். மாமி அங்கேயே ஐம்பது வருஷம் வாழ்ந்தவர், அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அதே அம்மா, பெட்டியைக் கூட்ட வந்த, தன்னைவிட வயதான மனுஷனை "டேய், இங்க கூட்டு" என்றார். குரலில் கோபமே இல்லை, என்னைக் "கண்ணு" என்ற அதே குரல். எங்க ஊர் பஸ்ஸில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாங்க. கேட்காமலே கண்டுபிடிக்கிற ஆட்கள் எங்க பக்கமும் இருக்காங்க என்பது வேற கதை.

மாமா, மாமி போனது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில். 1964 ஒக்டோபரில் ரெண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தாங்க. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டாங்க. அம்மாவின் பெரியப்பா குடும்பம் அங்கே, அம்மா குடும்பம் இங்கே. மாமா பதினைந்து வயதில் மலைநாட்டிலிருந்து கோச்சியில் இறங்கி, பிலிமத்தலாவை ஸ்டேஷனைத் தாண்டி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறிப் போனவர். அந்தக் கோச்சியை எங்க ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பாங்க. நீலகிரியில் தேயிலைத் தோட்டம்தான் திரும்பவும். இங்கே 'இந்தியத் தமிழர்' என்று எழுதி அனுப்பப்பட்டவங்களை, அங்கே கோத்தகிரிக் கடைத்தெருவில் இன்றைக்கும் "சிலோன்காரங்க" என்றுதான் சொல்றாங்க.

இந்த வருஷம் மாமா இங்கே வந்தார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. கடலாதெனிய விகாரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், வீட்டிலிருந்து பக்கம்தான். 1344இல் கட்டியது, கட்டிய சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சொன்னேன். "அந்தாளுக்கு விசா குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் கண்டிக்கு பஸ்ஸில் போனோம். மாமா ஏறியதிலிருந்து சத்தமாகத் தமிழ். அந்தக் கடை எங்கே, இந்த மரம் எங்கே, பித்தளைச் சாமான் விற்கிற இடமெல்லாம் இப்படி இல்லையே என்று. ரெண்டு மூன்று தலை திரும்பியது. "மாமா, மெதுவா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. முன் சீட்டில் இருந்த வயதான மனுஷன் திரும்பிப் பார்த்து, சிங்களத்தில் "எங்கிருந்து?" என்றார். மாமா சிங்களத்தில் பதில் சொன்னார், இப்போது யாரும் பேசாத, எழுபதாம் வருஷத்துச் சிங்களம், தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பழகியது. பாதி எனக்கே விளங்கவில்லை. அந்த மனுஷனுக்கு விளங்கியது. பழைய பஸ் கட்டணம், சிறிமாவோ காலத்துப் பாண் கியூ, செத்துப்போன ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பேராதனை வரைக்கும் ரெண்டு பேரும் பேசினாங்க, ரெண்டு பேரும் சத்தமாகத்தான்.

ஏறும்போது நான் கையில் வைத்திருந்த மாமாவின் பையை அவர் எப்போது வாங்கி மடியில் வைத்தார் என்று கவனிக்கவில்லை. இறங்கும்போது அவரே நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டு, தமிழ்நாட்டுப் பழக்கத்தில், "ரொம்ப நன்றிங்கய்யா" என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினார்.