குழையும் வர்த்தமானியும்

இரசாயன உரம் அறியாத வயல் வன்னிக்குப் புதுமையன்று. அறுவடை முடிந்த வயலிலே மாட்டுப்பட்டியை அடைத்து, சில இரவுகளுக்கொரு முறை இடம் மாற்றி, எரு நிலமெங்கும் படியச்செய்வது இங்குள்ள பழைய வழக்கம். காட்டோரத்துக் குழையை வெட்டிவந்து சேற்றில் மிதித்துத் தாழ்ப்பர். அக்குழை வண்டியேறி யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கும் போனதுண்டு. மாரி மழையை நம்பிப் புழுதியில் விதைத்த உழவன் பச்சைப்பெருமாளையும் மொட்டைக்கறுப்பனையும் விளைவித்தான். ஏக்கருக்குக் கிடைத்த நெல் குறைவுதான். அதனை மறைத்துவிட்டுப் பழமையைப் போற்றுவது எமக்கு உடன்பாடன்று.

யப்பானின் சிக்கோக்குத் தீவிலே மசனோபு புக்குவோக்கா என்பார் உழாமலும், செயற்கை உரமிடாமலும், மருந்து தெளிக்காமலும் பல பத்தாண்டுகள் நெல் விளைவித்தார். அவருடைய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ 1975இல் வெளிவந்தது. அவர் சும்மா இருந்தவரல்லர். நெல் அறுபடுமுன்பே அடுத்த பயிரை விதைத்தார். வைக்கோல் முழுவதையும் வயலுக்கே திருப்பிக் கொடுத்தார். தொடக்கத்தில் கவ்வாத்தை நிறுத்தியதால் தந்தையின் தோடைமரங்கள் பட்டுப்போயின என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த இழப்பை அவரால் தாங்க முடிந்தது. நிலம் குடும்பத்துக்குச் சொந்தம் அல்லவா!

இலங்கையிலோ 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. பல ஆண்டுகள் யூரியாவுக்குப் பழகிய மண்ணுக்கும், அதற்கென்றே உருவாக்கப்பட்ட நெல்லினங்களுக்கும் ஒரு போக அவகாசமும் வழங்கப்படவில்லை. நவம்பரிலே தடை நீங்கியபோது இரணைமடுவின் கீழ்க் காலபோகப் பயிர் மஞ்சளித்து நின்றது. நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்தது. அரிசி கடல் கடந்து வந்தது. எம் வகுப்பில் மதியவேளைக்கு முன்பே சோர்ந்து மேசையில் தலைசாய்த்த பிள்ளைகள் நெல் விளைவிப்போரின் பிள்ளைகளே.

இயற்கை வேளாண்மை தோற்றுவிட்டது என்று இன்று பலர் கூறுகின்றனர். அது எங்கே நடந்தது என்று கேட்க விரும்புகிறோம். 2009 போரிலே வன்னியின் பட்டிகள் சிதறின. எரு தந்த மாடுகள் உழவருடன் மீளவில்லை. காட்டோரங்களிலே எல்லைக்கற்கள் நிற்பதால் குழை வெட்டச் செல்வோர் அஞ்சுகின்றனர். இயந்திரம் அறுத்துக் கொட்டிய வைக்கோல் பல வயல்களில் எரிந்துபோகிறது. உரத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றொன்றையும் கொடாத செயலுக்கு இயற்கை என்ற பெயர் எவ்வாறு பொருந்தும்?

வைக்கோலை எரிக்காமல் பரப்பலாமே என்று முதிய குத்தகைக்காரர் ஒருவரிடம் ஒருமுறை சொன்னோம். அவர் சிரித்தார். “மாஸ்டர், மண்ணைச் சும்மா விடலாம். வட்டி சும்மா விடுமே?” என்றார். விதைப்புக்கு வாங்கிய கடனை அறுவடையன்றே நெல்லாக அளந்து கொடுப்பவர் அவர். மூன்று நான்கு போகங்கள் விளைச்சல் குறைந்தாலும் பொறுத்திரு என்று அவருக்குச் சொல்ல எமக்கு என்ன உரிமை? மாதச் சம்பளம் பெறுவோர் நாம்.

ஆயினும் அவர் மகள் கேட்டுவிட்டாள். கணவனை இழந்தவள், இரண்டு மாடுகள் வைத்திருக்கிறாள். அரை ஏக்கரில் வைக்கோலைப் பரப்பி, பயறு விதைத்து, சாணமிட்டுப் பார்த்தாள். முதற்போகம் நெல் குறைந்தது. மறுபோகத்தில் மண் நீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்ததைக் கையால் அள்ளிக் காட்டினாள். ஐந்து ஆண்டுக்குக் குத்தகையை எழுதித் தரும்படி நிலக்காரரைக் கேட்கச் சென்றபோது, மனுவை எழுதிக் கொடுத்தவர்கள் நாமே. ஒரு போகத்துக்குமேல் எழுத முடியாதென்று அவர் மறுத்துவிட்டார்.