விலாசம்

செட்டிநாட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஒருவரை எடைபோட மூன்று கேள்வி போதும். எந்த ஊரு, எந்தக் கோயிலு, என்ன விலாசம்? ஊர் எழுபத்துச் சொச்சத்தில் ஒன்று. கோயில் இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பதில் ஒன்று. அந்த இரண்டும் பந்தியில் உட்காரும் உரிமை. எந்த இடத்தில் உட்காரவைப்பார்கள் என்பதை மூன்றாவது பதில்தான் முடிவு செய்யும். வெளியூர்க்காரருக்கு விலாசம் என்றால் கதவு எண்ணும் தெருப் பெயரும். காரைக்குடிப் பக்கத்தில் அது பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள். பாட்டன், பூட்டன், அவர்கள் கடல் தாண்டி நடத்திய கடை எல்லாம் அந்த நாலைந்து எழுத்துக்குள் அடக்கம். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் சிதம்பரம் செட்டியார் என்று மொட்டையாகச் சொன்னால், "எந்தச் சிதம்பரம்?" என்று கேட்பார்கள். மு.சித.மு. என்றால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

விலாசம் குட்டையாக இருப்பவர் திடீரென்று பெரிய வீடு கட்டினால்? "அவுக அப்பச்சி எங்க வீட்ல கணக்கு எழுதுனவுகதானே" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். அதில் பொய் இருக்காது. அர்த்தராத்திரியில் குடைபிடித்த அற்பனின் பழமொழியும் உடனே வந்துவிடும்.

அந்தத் திண்ணையின் வயதைத்தான் யாரும் கேட்பதில்லை. இன்று அரண்மனை என்று சுற்றுலாப் பயணிகள் வாய் பிளக்கும் வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதிக்கும் 1940-களுக்கும் நடுவில் எழுந்தவை. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் கட்டியது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு. அன்றைக்கு இதைவிடப் புதுப்பணம் வேறு எங்கே இருந்தது? பாஸ்கர சேதுபதி காலத்தில் ராமநாதபுரம் ஜமீன் கடனில் மூழ்கியது. கடன் கொடுத்தவர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முக்கியமானவர்கள். வட்டி கேட்டு வாசலுக்கு வந்தவர்களைப் பற்றி ஜமீன் திண்ணைகளில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்கள் எல்லாரும் முதலாளிகளாகப் போகவில்லை. பெட்டியடிப் பையனாகப் போனவன் கணக்கு எழுதக் கற்று, அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆகி, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவான். சம்பளமும் லாபத்தில் வந்த பங்கும் சேர்ந்தால் அடுத்த பயணத்தில் சொந்தக் கடை. ஏறுவதற்கென்றே செய்துவைத்த ஏணி அது. 'கணக்கு எழுதியவர் மகன்' என்பது வசவாக மாறியது ஏணியின் உச்சிப் படிகள் நிரம்பிய பிறகாக இருக்க வேண்டும்.

கோயில் கணக்குக்கு மட்டும் இந்தப் பேதம் தெரியாது. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கணவனையோ மனைவியையோ இழந்தவர் அரைப் புள்ளி. ரங்கூனில் கடை வைத்தவரானாலும் கொப்பனாப்பட்டியில் கடனோடு இருப்பவரானாலும் புள்ளிவரி ஒரே தொகை. ஆஸ்தியைப் பார்த்து வாங்கும் வரி தனியாக இருந்தது என்றாலும், ஏட்டில் ஒருவர் ஒன்றுக்கு மேல் ஆக முடியாது.

கல்யாண வீட்டில் அந்த ஒன்று பல நூறாகிவிடும். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பி வைப்பார்கள். பித்தளை, எவர்சில்வர், எனாமல் தூக்குகள், பர்மாவிலிருந்து வந்த அரக்கு பூசிய மரவைகள், கொட்டான்கள், தடுக்குகள். ஆச்சிமார் சுற்றி வருவார்கள். யாரும் எண்ணுவதுபோலத் தெரியாது. வீடு திரும்புவதற்குள் எண்ணிக்கை தெருக்கோடிவரை போயிருக்கும். ஒரு ஆச்சி தூக்குவாளியைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டு நடப்பார். அடியில் வெட்டியிருக்கும் பெயர் புதிதா பழையதா என்று பார்ப்பதற்கு அந்த ஒரு நொடி போதும்.

பணத்துக்கு வயதாவதற்குள் பர்மா கைவிட்டுப் போனது. 1930-களின் மந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கைமாறின. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-ல் 25 சதவீதமானது. பணத்தைக் கேட்டவர்களுக்கு மண் வந்து சேர்ந்தது. கூடவே பர்மியரின் வெறுப்பும். 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பான் குண்டு வீசியது. பிறகு நிலச் சட்டங்கள், 1960-களில் நாட்டுடைமை. பெட்டி நிறையப் பத்திரங்களோடு வந்தவர்களும் வெறுங்கையோடு நடந்து வந்தவர்களும் ஊரில் ஒரே வளவில் உட்கார்ந்திருந்தார்கள்.

பரம்பரை என்பதை அவரவர் எப்படிச் செய்துகொண்டார்கள் என்று பார்த்தால் சுவாரசியம்தான். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-ல் ஆங்கிலேய அரசு ராஜா பட்டத்தைக் கொடுத்தது, வம்சவழிப் பட்டமாகவே. ஒரே ஆணையில் வணிகக் குடும்பம் ராஜ குடும்பமானது. சிறுகூடல்பட்டி முத்தையா வேறு வழியில் வாரிசானார். அவரைக் காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கொடுத்தார்கள். தொகை 7,000 ரூபாய், புதுப்பெயர் நாராயணன். வாரிசு பிறக்காவிட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே ஒளிவுமறைவில்லாத வழக்கம். அந்த வீட்டுக் கணக்கைப் பார்க்க வந்த பையன் பிறகு கண்ணதாசன் ஆனார் என்பது பிள்ளை கூட்டியவர்கள் எதிர்பார்க்காத வட்டி.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் நேர் எதிர். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1957-ல் நாற்பத்தேழு வயதில் அழகப்பர் இறந்தபோது ஊரில் பாதி இடத்துக்கு அவர் பெயர் இருந்தது. ஆட்டோக்காரர்கள் இன்றும் 'சிக்ரி' என்றுதான் அந்த நிலையத்தைச் சொல்கிறார்கள். கல்லூரி வாசல் என்றால் 'அழகப்பா' என்ற ஒற்றைச் சொல். முன்னெழுத்து யாரும் கேட்பதில்லை.

மிச்ச வீடுகளுக்கு இன்று பங்காளிகள் அதிகம், ஆள் குறைவு. வளவைச் சுற்றி ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு. சாவி சென்னையில், கோலாலம்பூரில், நியூ ஜெர்சியில். ஓடு மாற்ற ஒருவர் பணம் அனுப்பினால் இன்னொருவர் கையெழுத்துப் போட மாட்டார். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஒழுகும் கூரைக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. கையெழுத்துகள் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டால் சில வீடுகள் ஓட்டலாகின்றன. சில வீடுகள் தூண் தூணாகப் பிரிந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகின்றன.

அந்தத் தெருக் கடை ஒன்றில் ஒரு நிலைக்கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளிகள், நடுவில் செதுக்கிய எழுத்துகள். விலை பேசுகிறவர் சிங்கப்பூரில் இருபது வருடம் கட்டுமான வேலை பார்த்துத் திரும்பியவர். கண்டனூர்ச் சாலையில் வீடு எழும்புகிறது. தரைக்கு ஆத்தங்குடிக் கல் சொல்லியாகிவிட்டது. அவருடைய அப்பத்தா ஒரு வளவு வீட்டில் நெல் அவித்தவர். அதை அவரே சொல்கிறார், கூச்சமில்லாமல்.

"எழுத்தை இழைச்சு எடுத்துரலாம்ணே, பள்ளம் தெரியாது" என்கிறார் கடைக்காரர்.

வந்தவர் எழுத்தின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறார். தூசி அப்பிக்கொள்கிறது. வேட்டியில் துடைத்துவிட்டு, "இழைக்கிறதுக்குத் தனிக் காசா?" என்று கேட்கிறார்.